மைக்கும் குறட்டையும்

டார்னெய்ட் மண்டபத்துக்குப் போகும் வழியெல்லாம் என் மனுசி சிவாஜினி தமிழ்ச் சங்கத் தலைவர் தேர்தலைப் பற்றியே கதைத்தாள்.

“நிக்கிற ரெண்டும் உதவாது. ஒருத்தர் மைக்கைப் பிடிச்சா விடமாட்டார். மற்றவர் கூட்டத்தில குறட்டை விடுவார்.”

என்னால் மறுக்க முடியவில்லை. “அப்ப ஆருக்குக் கை தூக்கிறது?” என்றேன்.

“குறட்டைக்குத்தான். மைக் ஆள் வந்தால் பொங்கல் சாப்பாடு தீபாவளிக்குத்தான் கிடைக்கும்.”

குறட்டைக்காரரின் பெயரைச் சொன்னதும் மண்டபமே கை தூக்கியது. எல்லாரும் தூக்க, வெட்கத்தில் நானும் தூக்கினேன். மற்றவருக்கு ஒரு கைகூட எழும்பவில்லை.

“தோற்றவர் ரெண்டு வார்த்தை பேசட்டும்” என்றார்கள்.

நான் எழும்பிப் போய் மைக்கைப் பிடித்தேன்.

முன்வரிசையில் புதிய தலைவர் குறட்டை விடத் தொடங்கினார். அதற்குப் பிறகும் நான் மைக்கை விடவில்லை.