ஸ்டெல்லாவின் குரல்

ஆட்டிசம் உள்ள ஜெனிஷாவுக்குக் குரல் சற்று மாறினாலும் தாங்காது. பள்ளியில் அவளுக்குத் துணையாக இருந்த இயந்திரத்துக்கு அவள் அம்மா ஸ்டெல்லாவின் குரலையே கொடுத்திருந்தார்கள். "வா தங்கம், சாப்பிடலாம்" என்று அது எத்தனை முறையும் ஒரே தொனியில், சலிக்காமல் கூப்பிடும்.

கோடை விடுமுறை விட்ட மூன்றாம் நாள் ஸ்டெல்லா பள்ளிக்கு ஓடினாள்.

"மெஷினை வெளிய தரமாட்டாங்கம்மா," என்றார் ஆசிரியை.

"என் குரலையாச்சும் போன்ல ஏத்திக் குடுங்க டீச்சர். புள்ள ஒரு வாய் சாப்பிடல."

"உங்க குரல்தானே? நீங்களே கூப்பிடுங்க."

வீட்டுக்கு வந்து கூப்பிட்டாள். முதல் முறை குரல் நடுங்கியது. அடுத்த முறை உடைந்தது.

ஜெனிஷா காதுகளைப் பொத்திக்கொண்டு வாசலில் போய்ப் பள்ளி இருக்கும் பக்கம் பார்த்து நின்றாள், அம்மா கூப்பிடுவாள் என்று.