கப்டனுக்கு ஒரு கூ

“இந்த மூஞ்சியைப் பாத்து எல்லாரும் ஒருக்கா கூ அடிங்க!”

மாம்புரியிலிருந்து வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்! கப்டனின் படத்தைப் பார்த்துக் கப்பலே அதிரக் கூ அடித்தார்கள்.

வெளிச்சவீடுகளுக்கு எண்ணெயும் அரிசியும் சுமந்த கப்பல் அது. ஓய்வு கொடுத்து, கற்பிட்டிக் கரையில் கட்டி, அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். சுற்றிக் காட்டுகிறவர் ஜப்பார். கப்பலின் கதையைவிட அந்தக் கப்டனின் கதையைச் சொல்வதில்தான் அவருக்கு ருசி.

“தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எங்க எல்லாரையும் வெளியேத்தினாங்க. ஒரு வள்ளத்தில அம்பது பேர். எனக்கு ஒம்பது வயசு. நடுக்கடல்ல இந்தக் கப்பல் வந்திச்சி. உம்மா என்ட தம்பியைத் தூக்கிக் காட்டிக் கதறினா. ஏத்தவே இல்ல! நாலு மணித்தியாலம் பக்கத்தில வந்து வேடிக்கை பாத்தாங்க.”

பின்னால் நின்ற வயசான மனிதர் ஒருவர் கேட்டார்.

“தம்பி, கப்பல் எந்தப் பக்கமா வந்தது?”

“மேற்குப் பக்கம்.”

“காத்து?”

“அதுவும் மேற்குதான். சரியான காத்து. வள்ளத்துக்குள்ள தண்ணி அடிச்சிச்சி. உம்மா ஓதினா, அலை அடங்கிட்டு. அல்லாஹ்தான் காப்பாத்தினான்.”

“அலை திரும்ப எப்ப எழும்பினது?”

“கரைக்குக் கிட்ட. கப்பல் திரும்பிப் போன கையோட…”

ஜப்பார் திரும்பிக் கப்டனின் படத்தைப் பார்த்தார்.

“நான் பரமநாதன். அண்டைக்கு இந்தக் கப்பலிலை சுக்கான் பிடிச்சனான்” என்றார் அவர். “ஏத்தப் போனா அம்பது பேரும் ஒரு பக்கமா எழும்புவியள், வள்ளம் கவிழ்ந்திடும் எண்டு கப்டன் பயந்தவர். அதுதான் கப்பலை அலைக்கு மறைப்பா விட்டு, உங்கட வேகத்துக்கே வந்தனாங்கள். கரைக்குக் கிட்டக் கப்பலுக்கு ஆழம் காணாது, அதாலை திரும்பிட்டம்.”

ஜப்பாருக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. இத்தனை வருசமாக எத்தனை கூ! பிள்ளைகளின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

“ஐயா, கப்டன் இப்ப எங்க? கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கணும்.”

“போன மாசம் காலமாயிட்டார். போன வருசம் இஞ்ச வந்தவர். உங்கட கதை முழுக்கக் கேட்டவர். கூ அடிக்கேக்கையும் நிண்டவர்.”

“யா அல்லாஹ்! எனக்கிட்ட ஒண்டும் சொல்லலையே?”

“என்னட்டைத்தான் வந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதழுது சொன்னவர்: ‘பரமு, அந்த வள்ளம் கரை சேர்ந்திருக்கடா!’”