நெஞ்சு உயரம்

கையை நீட்டித் தொட்ட பிறகுதான், மூடுபனிக்குள் அங்கே ஒரு மரம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

பட்டையைத் தடவிக்கொண்டே விரல்கள் மேலே போயின. ஈரம், பாசி, அப்புறம் வழவழவென்று பெயிண்ட். வெள்ளை வளையம். அவள் காதுக்கு நேராக இருந்தது.

அரசாங்கக் காட்டில் மரம் அளப்பதுதான் அவள் வேலை. மரத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் எடுக்க வேண்டும் என்பது அந்த வேலையின் முதல் பாடம். நெஞ்சு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குச்சி வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். குச்சியை மரத்தடியில் நிறுத்தி, அதன் நுனி தொடும் இடத்தில் வளையம் போட வேண்டும். அடுத்த முறை வருபவர் அதே வளையத்தின் மேல் டேப்பைச் சுற்றுவார்.

இந்தப் பகுதிக்கு முதலில் வளையம் போட்ட மகானுபாவன் குச்சியை ஜீப்பிலேயே மறந்துவிட்டான். திரும்பிப் போய் எடுத்து வரச் சோம்பல். தன் நெஞ்சையே குச்சியாக வைத்துக்கொண்டு மரம் மரமாகப் போட்டுத் தள்ளியிருக்கிறான்.

ஆள் நெட்டை.

பல வருஷம் அது யாருக்கும் தெரியவில்லை. போன முறை அளக்க வந்தவர் வளையத்தைப் பார்க்காமல் ஒழுங்காகக் குச்சியை வைத்து அளந்துவிட்டார். மரம் கீழே வர வரப் பருமன்தானே. ஒரே மூச்சில் காடு முழுக்கத் தொப்பை போட்டுவிட்டதாக ஆபீஸ் கணக்கு காட்டியது. அங்கே கணக்குப் பார்ப்பவர் தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்து, கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

பழைய வளையம் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, சுரண்டி எடுத்துவிட்டுச் சரியான உயரத்தில் புதிது போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. இரண்டு வளையம் இருந்தால் அடுத்து வருபவர் குழம்பிப்போவார். நியாயமான பேச்சுதான்.

ஆனால் இன்றைக்குப் பிறகு அந்த வளையங்களைப் பார்க்க முடியாது என்பது காலையிலிருந்து அவள் மனதை விட்டுப் போகவில்லை.

கம்பி பிரஷ்ஷால் சுரண்டினாள். வெள்ளைத் தூள் பனியில் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுக் கீழே இறங்கியது. குச்சி, புது வளையம், டேப். வாக்கி டாக்கியில் அளவைச் சொன்னாள். பிழை வராமலிருக்க ஆபீஸ் குரல் அதைத் திருப்பிச் சொன்னது.

அடுத்த மரத்துக்குப் பின்னால் நின்று யாரோ பேசுவது போலவே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பனிதான் இருந்தது.

பெயிண்ட் டப்பாவைத் தூக்கி வந்த டிரைவர் வேலைக்குப் புதிது. ஆபீஸ் ஆட்களை இன்னும் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. பழைய பெயிண்டின் தடம்கூடத் தெரியக் கூடாது என்று குரல் சொன்னதும் அவருக்குச் சுருக்கென்றது.

"அவருக்கென்னக்கா, நாற்காலிய விட்டு எந்திரிக்காமலே சொல்லிடுவாரு. இங்க வந்து நின்னு பாத்தால்ல தெரியும்."

அவள் பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்தாள்.

சுரண்டுவதற்கு முன்னால் அவள் ஒவ்வொரு வளையத்திலும் காதை வைப்பதை அவர் கவனித்துவிட்டார். எதற்கு என்று கேட்டார். உள்ளே பொந்து விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதாக வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவரும் நம்பி, அடுத்த மரத்தில் தன் காதையும் வைத்துப் பார்த்து, தனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்று வருத்தப்பட்டார்.

கடைசி மரத்துக்கு வந்தபோது டப்பாக்களை ஜீப்பில் ஏற்றச் சொல்லி அவரை அனுப்பிவிட்டாள்.

இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு, வளையத்தில் காதை வைத்துக் கண்ணை மூடினாள். உச்சியில் எங்கேயோ காற்று அடித்தது. மரம் இருந்தாற்போல இருந்து மெல்ல அசைந்தது. உள்ளே ஏதோ முனகி அடங்கியது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றாளோ, தெரியாது.

வாக்கி டாக்கி கரகரத்தது. "கடைசி மரத்தோட அளவு இன்னும் வரலைங்க."

மரத்தைக் கட்டியிருந்த கையை அவள் எடுக்கவில்லை.

திரும்பவும் கரகரப்பு. இந்த முறை குரல் தணிந்திருந்தது. ஆபீஸ் குரலாக இல்லை.

"ஏய். இப்பவும் உன் காது அங்கதான் வருதா?"

பட்டனை அழுத்தினாள். "அங்கதான் வருது."

ஆபீஸ் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில், வாக்கி டாக்கியை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியும். முறிந்து விழுந்த ஒரு கிளை அவரை அதில் உட்கார வைத்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. நிமிர்ந்து நின்றால் அவள் புருஷனின் நெஞ்சு எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று வீட்டில் எந்தச் சுவரும் குறித்து வைக்கவில்லை. இந்த மரங்கள்தான் வைத்திருந்தன.

தன் தப்பைத் தானே கண்டுபிடித்து, அதை அழிக்கப் பெண்டாட்டியையே அனுப்பிய மனிதர், அந்தக் கடைசி அளவை மறுபடி கேட்கவில்லை. காத்திருந்தார்.

அவள் பிரஷ்ஷை எடுத்தாள். மரத்தை விட்டு விலகி நிற்க மனம் வரவில்லை. ஒட்டி நின்றபடியே சுரண்டினாள். தூளெல்லாம் அவள் தலையில் கொட்டியது. பிறகு குச்சியை நிறுத்தி, கீழே புது வளையம் போட்டு, அளவைச் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார்.

ஜீப்பில் ஏறும்போது, தலையெல்லாம் வெள்ளையாக இருக்கிறது, தட்டிவிடுங்கள் என்றார் டிரைவர்.

இருக்கட்டும், ஆபீசுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.