பொன்னியம்மா தூக்கிப்போன சாம்பார்

பொன்னியம்மா அன்றைக்கும் கேட்காமல்தான் அடுப்படிக்குள் நுழைந்தாள். நேராகப் போய்ச் சாம்பார்ச் சட்டியின் மூடியைத் திறந்தாள். குனிந்து பார்த்தாள்.

"நேத்து வெச்சதா கஸ்தூரி?"

"ஆமாக்கா. பாப்பாவுக்கு டிபன் பாக்ஸ்ல வைக்கணும்."

"எங்க ஊட்ல இன்னிக்கு ஒண்ணும் வெக்கல. நான் எடுத்துகினு போறேன். புள்ளைக்கு ஒரு முட்டையப் பொரிச்சுக் குடு."

பதிலுக்கு நிற்கவில்லை. சட்டியோடு போய்விட்டாள்.

கஸ்தூரிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கோவில்பதாகைக்குக் குடிவந்து இரண்டு வருஷம். முதல் வருஷம் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா ஒழுங்காகத்தான் இருந்தாள். போன கோடையில் பாப்பாவுக்கு வாந்தி பேதியாகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அதற்கப்புறம்தான் இந்தப் புத்தி. சாம்பார் போகும், கூட்டு போகும். ஒரு நாள் பால்கூடப் போனது.

வாயும் சும்மா இருக்காது. "எந்நேரமும் மூக்கை உறிஞ்சிகினே கீறியே, டாக்டராண்ட காட்டினா இன்னா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள்.

அந்தக் கத்தல் தாங்காமல்தான் கஸ்தூரி போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதுவரை எல்லாரும் வெறும் சளி என்றார்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தாள். மஞ்சளைச் சுட்டுப் புகை இழுத்தாள். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

டாக்டர் நெற்றியில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு மூக்குக்குள் பார்த்தார். முகத்தை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, எதையோ மூக்கருகில் நீட்டினார்.

"என்ன வாசனை?"

"ஒண்ணும் இல்லியே டாக்டர்."

"காப்பித்தூள்மா. எவ்வளவு நாளா இப்படி?"

கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணரை வருஷமா."

கூடப் போன புருஷன் உத்தமனுக்கே அது புதுச் செய்தி. "ஏன்டி சொல்லல?"

எப்படிச் சொல்வாள்? வாசனை தெரியாதவள் என்னத்தைச் சமைத்துப் போடுவாள் என்று ஊரிலிருந்து மாமியார் பஸ் ஏறிவிடுவாளே.

கன்னத்து எலும்புக்குள் சளி கட்டியிருந்தது. மூக்கில் சதை வளர்ந்திருந்தது. சதையை எடுத்தார்கள், சளியைக் கழுவிவிட்டார்கள்.

"தினம் உப்புத் தண்ணியால மூக்கைக் கழுவணும். வாசனை மெல்லத்தான் வரும். பொறுமையா இரும்மா" என்றார் டாக்டர்.

மூன்று வாரம் ஆச்சு. காப்பித்தூள் டப்பாவைத் தினமும் மோந்து பார்த்தாள். வெறும் காற்றுதான்.

இந்த லட்சணத்தில் சட்டி வேறு போய்விட்டது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்பிய கையோடு, கொல்லை வழியாகப் பொன்னியம்மா வீட்டுக்குப் போனாள்.

"ஏங்க்கா, எங்க வீட்டுச் சாம்பார் என்ன உங்க வீட்டுக்குச் சீர்..."

பேச்சு பாதியில் நின்றது.

மூக்கில் ஏதோ அடித்தது. ஊசிப்போன நாற்றம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். குப்பைக்குழியில், அவள் நேற்றுச் சாம்பாரில் நறுக்கிப் போட்ட முருங்கைக்காய்த் துண்டுகள் நுரை தள்ளிக் கிடந்தன.

குழாயடியில் அவளுடைய சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த பொன்னியம்மா நிமிர்ந்தாள். மூக்கைப் பொத்தியிருந்த கையையே பார்த்தாள்.

"இன்னாம்மே, நாத்தம் தெரியுதா ஒனக்கு?"

கஸ்தூரி தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

பொன்னியம்மா சட்டியை அலசி அவள் கையில் திணித்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பாடா! நாளைலேர்ந்து ஒன் ஊட்டுச் சட்டிய நீயே மோந்து பாத்துக்க. எனக்கு இந்தத் திருட்டுப் பொழப்பு போதும்!"