நல்ல ரத்தம்

"கண்ணு பிடரியிலயா இருக்கு உனக்கு?" என்று டெக்னீஷியன்மேல் வள்ளென்று விழுந்தார் டாக்டர். "நல்ல ரத்தத்துல எப்படிம்மா கேன்சர் செல் வரும்? குழாயை மாத்தி வச்சிருக்கே!"

ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சியில், நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். ஆறு வருடமாக வாரா வாரம் அந்தக் குழாயை அவள்தான் கொண்டுவந்து வைக்கிறாள். யாருடையது என்று டாக்டர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"மாத்தல சார். ரெண்டு தடவை சோதிச்சுப் பார்த்துட்டேன்."

டாக்டரின் குரல் இறங்கியது. "அப்போ அந்த ஆளுக்கு மறுபடி ரத்தம் எடு. கூடவே வீட்டு ஆளு யாராவது வரட்டும். இதையெல்லாம் தனியாளா இருக்கிறப்போ சொல்லக் கூடாது."

"வீட்டுல யாரும் இல்ல சார்."

"சிநேகிதங்க?"

கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். "இல்ல சார்."

"அடப் பாவமே! சரி, நீயே பக்கத்துல இரு. கையைப் பிடிச்சுக்கோ."

"சரி சார்."

ரத்தம் எடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, தன் இடது கையில் கட்டிக்கொண்டாள்.