இரண்டாம் பாதியின் முதல் பந்து

பந்து வலைக்குள் இறங்கிய சத்தம் அவன் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

பலகையில் லேசாகப் பட்டு, வளையத்தில் இடிக்காமல், சரக்கென்று இறங்கியது. இந்த சீசனில் அவன் போட்ட முதல் கூடை. முஷ்டியை மடக்கிக் காற்றில் ஒரு குத்து விட்டான்.

எத்தனை நாள் ஆசை!

கைதட்டல் எழுந்தது. ஆனால் எழுந்த பக்கம் சரியில்லை.

எதிரணிக் கல்லூரிக்காரர்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். ஒருத்தன் விசில்கூட அடித்தான்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அடப் பாவி!

இடைவேளை முடிந்ததும் இரண்டு அணியும் பக்கம் மாறும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் முதல் பாதி முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து இந்த வளையத்தைப் பார்த்துத்தான் ‘போடு, போடு’ என்று தொண்டை கிழியக் கத்தியிருந்தான். கத்திக் கத்தி இதுதான் நம் கூடை என்று மண்டையில் ஏறிவிட்டது. உள்ளே ஆடியவன் எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். பெஞ்சைத் தேய்த்தவன்தான் செய்வான்.

முதல் பாதியில் ஆடிய இசக்கிக்குக் கணுக்கால் பிசகியதால் கிடைத்த வாய்ப்பு. இரண்டாம் பாதியின் முதல் பந்தே அவன் கைக்கு வந்தது. முன்னால் ஈ காக்காய் இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? தலைதெறிக்க ஓடினான். பின்னால் யாரோ கத்தினார்கள். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினான்.

கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்து இறுதிப் போட்டி. ஒரு புள்ளி முன்னால் இருந்தவர்கள் இப்போது ஒரு புள்ளி பின்னால்.

எதிரணி கேப்டன் பக்கத்தில் வந்தான். விதிப்படி அந்த இரண்டு புள்ளியும் அவன் பெயரில்தான் ஏறும். முகம் கொள்ளாத சிரிப்பு.

“ரொம்ப தேங்க்ஸ், பாஸ்.”

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது அவனுக்கு.

ஹாஸ்டலில் வருஷம் முழுக்க ஓட்டுவார்கள். ஓட்டட்டும். அவன் பயந்தது அதற்கில்லை. இனி யாரும் தனக்குப் பந்து தரமாட்டார்கள். கூடவே ஓடலாம், கையை நீட்டலாம், பந்து மட்டும் வராது. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர்கள் இடத்தில் இருந்தால் அவனும் தரமாட்டான்.

மூன்றாம் வருஷம். இதோடு சரி.

போன இரண்டு வருஷமும் முதல் சுற்றிலேயே மூட்டையைக் கட்டிய அணி. இந்த வருஷம்தான் மழை பெய்த காலைகளில் எல்லாரும் சேர்ந்து சாக்கைப் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டு, ஈரச் சிமென்ட் தரையிலேயே வழுக்கி விழுந்து ஆடி, இறுதிப் போட்டி வரை வந்திருந்தார்கள். அவனும் சாக்கு இழுத்தான். அவனும் வழுக்கி விழுந்தான். போட்டி என்று வந்தால் பெஞ்சு.

ஆனால் எப்பேர்ப்பட்ட பையன்கள்! பஸ்ஸில் அவனுக்கு வாந்தி வரும் என்று ஜன்னலோரத்தை அவனுக்கே விட்டவர்கள். ஜெயித்த அன்றெல்லாம், ஒரு நிமிஷம்கூட ஆடாத அவனை பரோட்டாக் கடையில் நடுவில் உட்காரவைத்தவர்கள். தண்ணீர் பாட்டிலை நீட்டினால் குடித்துவிட்டு, ‘அவன் எந்தப் பக்கம் திரும்புதான், பாத்தியா?’ என்று அவனிடம் கேட்பார்கள். வெளியே இருப்பவனுக்குத்தான் ஆட்டம் நன்றாகத் தெரியுமாம்.

நன்றாகத் தெரிந்த லட்சணம்!

இவர்களுக்குப் போய் இப்படிச் செய்துவிட்டோமே!

பெஞ்சில் ஒருத்தன் மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டு எழுந்தான். கூப்பிட்டு உட்காரவைத்தால் தேவலை என்று அவனுக்கே இருந்தது. பி.டி. சார் எழுந்தவனின் தோளை அமுக்கினார்.

“எதுக்குல எந்திரிக்க? உக்காரு.”

மைதானம் முழுக்கக் கேட்டது.

கூடை வாங்கிய அணிதான் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிய வேண்டும். கேப்டன் ஜெபசிங் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஐந்து நொடிக்குள் எறிந்தாக வேண்டும்.

வலப்பக்கம் மிக்கேல் கையை உயர்த்தி நின்றான். பந்தைக் கொண்டுபோகிற வேலை எப்போதும் அவனுடையதுதான். அவன் பக்கத்தில் எதிரணி ஆள் ஒருத்தனும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்.

இவன் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நகர்ந்தான். எந்த முகத்தோடு பந்தைக் கேட்பது?

“ஏல, தரையில என்னத்தத் தேடுத? இங்க பாரு.”

நிமிர்ந்தான்.

பந்து நெஞ்சுக்கு நேராக வந்தது. பாவம் பார்த்து மெல்லத் தூக்கிப் போடவில்லை ஜெபசிங். மிக்கேலுக்கு எறிகிற வேகத்திலேயே எறிந்தான். பிடித்த கை இரண்டும் எரிந்தன.

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சாமி முன்னால்கூட அவன் இப்படி நின்றதில்லை. நல்லா இருங்கல, எங்க போனாலும் நல்லா இருங்க என்று மனசு முழுக்கச் சொல்லிக்கொண்டான்.

கண்ணைத் துடைக்க நேரமில்லை. திரும்பினான்.

மிக்கேல் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தான். மற்ற இருவரும் ஓடினார்கள். ஜெபசிங்கும் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, அவனைக் கடந்து, அந்தக் கடைசியில் இருந்த வளையத்தை நோக்கி ஓடினான்.

பந்து அவன் கையில் இருந்தது.

அவன் எந்தப் பக்கம் ஓடுகிறான் என்று நாலு பேரில் ஒருத்தன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.