பழக ஒரு சுகர்காரன்

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த செங்குட்டுவனின் பூட்ஸிலிருந்து பழுப்பு நிலக்கரித் தூள் குவார்ட்டர்ஸ் வாசலில் உதிர்கிறது. மனைவி இசைப்பிரியா அவனை அப்படியே நாற்காலியில் உட்கார வைக்கிறாள். ஆஸ்பத்திரி டயட் கவுன்ட்டர் வேலைக்கு நாளை அவளுக்கு இன்டர்வியூ. நோயாளிகளிடம் கேட்கும் கேள்விகளை இங்கிலீஷில் கேட்டுப் பழக, வீட்டிலேயே ஒரு சுகர்காரன் இருக்கிறான். "டூ யூ ஸ்கிப் மீல்ஸ்?" "நோ மேடம்," என்று கால்மேல் கால் போடுகிறான். அவன் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுக்கிறாள், கனக்கிறது. திறந்தால், ராத்திரி கட்டிக்கொடுத்த சப்பாத்தி அப்படியே இருக்கிறது. அதே கேள்வியை இன்னொரு முறை, மெதுவாகக் கேட்கிறாள். நேற்று அவளிடம் கற்ற வார்த்தையை வைத்துப் பேரம் பேசுகிறான்: "சம்டைம்ஸ்." "மாத்திரய போட்டுக்கினு பட்டினி கெடந்தா மெஷின் மேலயே மயங்கி வுழுவீங்க. சம்டைம்ஸ்லாம் கட்டாதுங்க," என்று சப்பாத்தியைப் பிய்த்து வாயருகே நீட்டுகிறாள். அவன் வாங்கி மெல்கிறான். மெல்லும்போதே கண் சொக்குகிறது. அடுத்த கேள்வி தூக்கத்தைப் பற்றியது. அதை அவள் கேட்கவில்லை.